டீச்சர் பதில்கள்: தனியாக வரும் நைஜீரிய விருந்தாளி

கேள்வி: பாம்பனில் வீட்டு மாடியில் இரண்டு அறை போட்டு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். தை மாதம் வந்து நாலு நாள் தங்க, நைஜீரியாவில் இருந்து ஒரு பெண் அறை கேட்டிருக்கிறார். லாகோஸில் வங்கி வேலையாம், தனியாகத்தான் வருகிறாராம். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், அவருக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. தெருவில்தான், 'நைஜீரியாக்காரர்கள் என்றாலே வம்பு, போலீஸ் வரும்' என்று பயமுறுத்துகிறார்கள். நீங்கள் அந்த நாட்டில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். அறை கொடுக்கலாமா டீச்சர்?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: கொடுங்கள் தங்கச்சி. இன்றைக்கே சரி என்று பதில் போடுங்கள்.

வெறும் 'சரி' மட்டும் போதாது, ஒரு கடிதமாகவே எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயர், வீட்டு முகவரி, ஹோம்ஸ்டே பதிவு எண், அவர் வரும் தேதி, போகும் தேதி, உங்கள் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். நைஜீரியாவில் இருந்து கிளம்புகிற ஒருவரிடம் எந்த நாட்டுத் தூதரகமும் சுற்றிச் சுற்றிக் கேட்பது இதைத்தான்: எங்கே தங்குவாய், செலவுக்கு என்ன வைத்திருக்கிறாய், திரும்பிப் போவாயா? உங்கள் கடிதம் முதல் கேள்விக்குப் பதில். விசா கேட்கும்போதும் காட்டுவார், சென்னை விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியிடமும் காட்டுவார். அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு போன் வந்தாலும் வரும். தெரியாத எண் என்று கட் பண்ணிவிடாதீர்கள். எடுத்து, 'ஆமாம், எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்' என்று சொல்லுங்கள். அங்கே வரிசையில் தனியாக நிற்கிற பெண்ணுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை என்பது, அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

போலீஸ் வரும் என்பது உண்மை. ஆனால் அது நைஜீரியா என்பதற்காக வருவதில்லை. எந்த நாட்டுக்காரர் தங்கினாலும், லாட்ஜ் ஆனாலும் வீடு ஆனாலும், நாம் சி ஃபார்ம் என்று சொல்லும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் எல்லாம் அதில் கேட்பார்கள். நம் மாவட்டத்துக்கு வெளிநாட்டவர் பதிவு அதிகாரி ராமநாதபுரம் எஸ்.பி.தான். ஹோம்ஸ்டேக்கு இன்னும் லாகின் வாங்கவில்லை என்றால் தை பிறக்கும் வரை காத்திருக்காமல் இப்போதே போய் வாங்கிவிடுங்கள். எதிர்க்கரையில் இலங்கை இருப்பதால் நம் தீவில் கடலோரக் காவல், க்யூ பிராஞ்ச் உளவுப் போலீஸ் என்று பல கண்கள் உண்டு. பிரான்ஸில் இருந்து வருகிறவரையும் வந்து விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள். 'யாராவது வந்து பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், இங்கே எல்லோருக்கும் வழக்கம்' என்று அந்தப் பெண்ணிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். சொல்லாமல் விட்டால், தன் நிறத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார். அப்படி நினைக்க அவருக்கு நிறையக் காரணம் இருக்கிறது.

தெருக்காரர்களுக்கு நான் சொல்வது இது. கீழக்கரையில் இருந்தும் தொண்டியில் இருந்தும் நம் பிள்ளைகள் கொழும்புக்கும் துபாய்க்கும் போய்வருகிறார்கள். ஊரில் நாலு பேர் குருவியாகப் போய்த் தங்கம் கொண்டுவந்தார்கள் என்பதற்காக, பாஸ்போர்ட்டில் ராமநாதபுரம் என்று பார்த்ததுமே பெட்டியைக் கொட்டிச் சோதிக்கிறார்கள் என்று எத்தனை தாய்மார்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள்! உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வலித்தால் அந்தப் பெண்ணுக்கும் வலிக்கத்தான் செய்யும். நைஜீரியாவில் 20 கோடிக்கு மேல் ஜனங்கள். அதில் போதைப்பொருள் கேஸில் மாட்டியவன் பேப்பரில் வருகிறான், வங்கியில் காலையில் இருந்து மாலை வரை கணக்கு எழுதுகிறவள் வருவதில்லை. 2017 மார்ச்சில் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில், உள்ளூர்ப் பையன் ஒருவன் இறந்ததற்கு நைஜீரியர்கள்தான் காரணம் என்று கிளம்பிய பேச்சை நம்பி, சம்பந்தமே இல்லாத ஆப்பிரிக்க மாணவர்களை ஒரு கும்பல் அடித்துப் போட்டது. தெருப் பேச்சு கடைசியில் போய் நிற்கிற இடம் அதுதான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் 1981-ல் கணக்கு டீச்சராக நைஜீரியாவின் அபியோகுடாவுக்குப் போனபோது தனியாகத்தான் போனேன். எண்ணெய்ப் பணத்தில் அவர்கள் பள்ளிக்கூடங்களாகத் திறந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியாவில் இருந்து கூட்டம் கூட்டமாக ஆசிரியர்களை எடுத்தார்கள், தமிழர்களும் நிறையப் போனோம். லாகோஸ் விமான நிலையத்தில் இறங்கிய ராத்திரி எனக்கு இருந்த பயத்தில், என்னைக் கூட்டிப் போக வந்தவரின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. குடியிருப்பு தயாராகும் வரை தலைமையாசிரியையின் தாயார் என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். யாரும் என்னிடம், 'உன் புருஷன் எங்கே, ஏன் தனியாக வந்தாய்?' என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஊருக்குக் கடிதம் போட்டாயா, இவ்வளவுதான் கேட்டார்கள். உங்கள் விருந்தாளியிடமும் இந்த மூன்றைக் கேளுங்கள், போதும்.

பழக்கவழக்கத்தில் நீங்கள் பயப்படுகிற தூரம் இல்லை. லாகோஸ் பக்கத்து யொரூபா இனத்தாரிடம் இடது கையால் எதையும் நீட்டக் கூடாது, நமக்கும் அப்படித்தான். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் அம்மா என்பார்கள். காரத்துக்கு நீங்கள் கவலைப்படவே வேண்டாம், நம்மைவிட ஒரு பிடி கூடத்தான். மீன் குழம்பும் சோறும் வையுங்கள். மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் அவித்துக் கொடுங்கள், அவர்கள் தினசரிச் சாப்பாடே அதில் இருந்துதான் வருகிறது. இட்லி ஒரு வேளைக்குச் சரி, மூன்று வேளையும் தராதீர்கள்.

அப்புறம், முடி. அவர் தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டிருப்பார். பார்க்க ஆசையாக இருக்கும். தொட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருந்தாலும் சரி. கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. 'காப்பிரி' என்ற சொல் உங்கள் வாசலில் கேட்கக் கூடாது. பிள்ளைகளிடம் முன்னாலேயே, 'லாகோஸில் இருந்து ஒரு ஆன்ட்டி வருகிறார்' என்று சொல்லிப் பழக்குங்கள். பிள்ளைகள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தால் தெருவும் இரண்டாம் நாள் அப்படியே கூப்பிடும்.

பணத்தில் ஒரு சிக்கல் வரலாம். 2022 கடைசியில் இருந்து பல நைஜீரிய வங்கிகள், அந்த நாட்டு நாணயமான நைராவில் கொடுக்கும் அட்டையில் வெளிநாட்டுச் செலவையே நிறுத்திவிட்டன, 2025-ல்தான் சில வங்கிகள் மறுபடி திறந்தன. நைராவும் விழுந்துவிட்டது. 2023 நடுவில் ஒரு டாலர் 470 நைரா அளவில் இருந்தது, அடுத்த ஆண்டே 1,500-ஐத் தொட்டது. அந்தப் பெண் இந்தப் பயணத்துக்கு எவ்வளவு காலம் சேர்த்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அட்டை வேலை செய்யவில்லை என்றால் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். டாலராகக் கொண்டுவந்து, சென்னை விமான நிலையத்திலோ மதுரையிலோ ரூபாயாக மாற்றிக்கொண்டு தீவுக்கு வரச் சொல்லுங்கள். முன்பணம் முழுவதையும் கேட்டு நெருக்காதீர்கள்.

சென்னை எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் நம்மூர். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே வருவது பெரிய வசதி. பெண்கள் தனியாக வரும்போது கீழ்ப் படுக்கையைவிட மேல் படுக்கை நிம்மதி, பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். தனுஷ்கோடிக்குக் காலையிலேயே அனுப்புங்கள். சாயங்காலத்துக்கு மேல் அரிச்சல்முனைப் பக்கம் வண்டி விட மாட்டார்கள். தெரிந்த ஆட்டோ ஒன்றை நாலு நாளைக்கும் பேசிவிடுங்கள், தினம் புது ஆட்டோ வேண்டாம். கோயில் பிரகாரம் பார்க்க ஆசைப்படுவார். சந்நிதிக்குள் இந்துக்களுக்கு மட்டும் என்ற விதியையும், கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதையும் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். நாலு பேர் முன்னால் வாசலில் தடுத்து நிறுத்தப்படுவது அவருக்கு வேண்டாம். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

ஒன்றே ஒன்று, உங்கள் வீட்டுக்காரர் பிரியத்தில் 'வாங்க, தீவு காட்டுகிறேன்' என்று மீன்பிடிப் படகில் ஏற்றிவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. அதுவும் வெளிநாட்டவரைப் படகில் ஏற்றினால் உங்கள் இருவருக்கும் சேர்த்து வம்பு. படகில் போக ஆசைப்பட்டால் காரங்காட்டுக்கு அனுப்புங்கள், அங்கே வனத்துறை ஏற்பாட்டில் ஊர்க்காரர்களே அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள்.

கேள்வி: நான் சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். என் வகுப்புத் தோழி நைஜீரியப் பெண். செமஸ்டர் லீவில் இருவரும் இலங்கை போவதாக இருந்தது, வீட்டு விசேஷத்தால் என்னால் போக முடியவில்லை, அவள் தனியாகப் போகிறேன் என்கிறாள். எனக்குச் சுலபமாக இருந்த காரியம் எல்லாம் அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏன்? நான் எப்படி உதவலாம்?
– ஒரு மாணவி, தொண்டி

பதில்: இருவர் கையிலும் இருப்பது பாஸ்போர்ட் என்றாலும் அவை திறக்கிற கதவுகள் வேறு, மகளே. அவளுடைய பச்சை அட்டைப் பாஸ்போர்ட்டுக்குச் சொந்தப் பக்கத்தில் நல்ல மரியாதை உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 1979-ல் போட்ட ஒப்பந்தத்தால், பெனின், டோகோ, கானா என்று 90 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். லாகோஸில் பேருந்து ஏறினால் மூன்று எல்லை தாண்டி கானா தலைநகர் அக்ராவில் இறங்கலாம். அங்கே தனியாகப் பயணம் போகும் பெண்கள் புதிது கிடையாது. துணி வியாபாரம் செய்கிற பெண்கள் எங்கள் காலத்திலேயே மூட்டையோடு அப்படித்தான் போய்வந்தார்கள்.

அந்த வட்டத்தைத் தாண்டினால்தான் நிலைமை மாறுகிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2023-லும் 2024-லும் விண்ணப்பித்த நைஜீரியர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் மறுக்கப்பட்டார்கள். மறுத்தாலும் கட்டிய 90 யூரோ திரும்ப வராது. நம்மவர்கள் சந்தைக்குப் போவது போலப் போய்வரும் துபாய், 2022 அக்டோபரில் நைஜீரியர்களுக்கு விசாவையே நிறுத்தி 2024 ஜூலையில்தான் திறந்தது. நாட்டுக்குள் நுழையாமல் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும் என்று ஐரோப்பா 12 நாடுகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதில் நைஜீரியா உண்டு, இலங்கையும் உண்டு. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் யாராவது உனக்குப் பழக்கமா? எந்த நாட்டுக்காரர் என்ற ஒரே விஷயத்துக்காக மனிதரைக் கதவோரம் நிறுத்தி வைப்பதைப் பற்றி என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். எனக்கு இதில் ஆற்றாமைதான். ஒரு படித்த பெண், தன் பணத்தில், ஒரு வாரம் கடல் பார்த்துவிட்டுத் திரும்ப, தான் குற்றவாளி இல்லை என்று ஒவ்வொரு மேஜையிலும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். உனக்குக் கிடைத்தது போல ஆன்லைனில் உடனே அனுமதி வரும் என்று நம்பி அவள் டிக்கெட் எடுக்கக் கூடாது. சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு டிக்கெட். அதைவிட முக்கியம், அவளுடைய இந்திய மாணவர் விசா. பல முறை வந்துபோகும் விசாவா, எந்தத் தேதி வரை செல்லும், பதிவு அட்டையில் பெயரும் முகவரியும் சரியா என்று கிளம்பும் முன் பார்க்கச் சொல். கொழும்பில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் இருந்துவிட்டு, திரும்பும்போது சென்னை வாசலில் மாட்டிக்கொண்டால் படிப்பே போய்விடும். கல்லூரியில் இருந்து மாணவி என்ற சான்றிதழும், செமஸ்டர் எப்போது தொடங்குகிறது என்ற கடிதமும் கையில் இருக்கட்டும். திரும்பிப் போக ஒரு காரணம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்.

எல்லாக் காகிதத்துக்கும் ஒரு செட் நகல் உன்னிடம் இருக்கட்டும். அவள் விமான நிலையத்தில் இருக்கிற நேரம் முழுக்க உன் கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும். அதிகாரி உரக்கப் பேசினாலும் அவள் மெதுவாகவே பதில் சொல்லட்டும். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு விளக்கம் வேண்டாம். தனி அறைக்குக் கூப்பிட்டால் பதறாமல் போகட்டும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால், யார் வாங்கினார், எந்த அலுவலகம் என்று மட்டும் பணிவாகக் கேட்டுக்கொள்ளட்டும். அங்கே யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ உங்கள் வீட்டுக்குச் சொந்தம் இருந்தால் அவர்கள் எண்ணைக் கொடுத்து அனுப்பு. தொண்டிக்காரர்களுக்கு அக்கரையில் சொந்தம் இல்லாமல் இருக்காது.

கேள்வி: என் மகனுக்கு லாகோஸில் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது. ஊசி போட வேண்டும் என்கிறார்கள். ராமநாதபுரத்தில் போடுவார்களா? எத்தனை வருஷத்துக்குச் செல்லும்?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: அது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். உங்களுக்குப் பக்கம் தூத்துக்குடியில் துறைமுக சுகாதார அலுவலகம், இல்லையென்றால் சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட். குறிப்பிட்ட நாளில்தான் போடுவார்கள் என்பதால் போன் செய்து கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு போகச் சொல்லுங்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதனால் பயணத்துக்கு முந்தின வாரம் ஓடுவதில் அர்த்தம் இல்லை. 2016 ஜூலையில் இருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அந்த மஞ்சள் அட்டையைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போவதற்கு மட்டும் இல்லை, வருவதற்கும் அதுதான். நைஜீரியாவில் இருந்து நேராக ஊர் திரும்புகிறவரிடம் அட்டை இல்லை என்றால், இந்தியராக இருந்தாலும் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். பெருநாளைக்கு வருகிற பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்க வேண்டாம். மலேரியாவுக்குக் கொசுவலை கட்டாயம். மற்றபடி தைரியமாக அனுப்புங்கள். நல்ல ஜனங்கள், அங்கே நம்மவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

கேள்வி: மண்டபத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஆப்பிரிக்கப் பெண் பிள்ளை ஒன்று தனியாகக் கடைக்கு வந்து, மற்ற கருவாட்டை எல்லாம் விட்டுவிட்டு சென்னாக்குன்னியை முகர்ந்து பார்த்து இரண்டு கிலோ வாங்கிப் போனது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நைஜீரியா என்று சொன்னது. அவர்கள் அதை எதற்கு வாங்குகிறார்கள்?
– ஒரு வியாபாரி, மண்டபம்

பதில்: குழம்புக்குத்தான் அக்கா. நைஜீரியாவில் காய்ந்த சின்ன இறாலை இடித்துப் பொடியாக்கி, டப்பாவில் அடைத்து அடுப்படியில் வைத்திருப்பார்கள். முலாம்பழ விதை போன்ற எகுசி விதையை அரைத்துச் செய்யும் குழம்பிலும், கீரைக் குழம்பிலும் அந்தப் பொடி ஒரு கை விழாமல் ருசி ஏறாது. சென்னையில் படிக்கிற நைஜீரியப் பிள்ளைகள் அந்த வாசனைக்கு ஏங்கிக் கிடப்பார்கள். நார்வேயில் இருந்து வருகிற உப்புப் போடாமல் காய வைத்த பெரிய மீன் என்றாலும் அவர்களுக்கு உயிர். அது நம்மிடம் இல்லை.

அந்தப் பிள்ளை மறுபடி வந்தால் நெத்திலியும் காட்டுங்கள். விலை மட்டும் உள்ளூர் ஆளுக்குச் சொல்வதையே சொல்லுங்கள். மணலும் தூசியும் இல்லாமல் சலித்து, ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிக்காத அளவுக்கு மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுங்கள். கடை எண்ணை மூடியில் எழுதி ஒட்டுங்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளும் கேட்பார்கள், பார்சலில் அனுப்பலாம்.